ம்யூச்சுவல் டைவர்ஸுக்கு ஆளுக்கொரு வக்கீல் எதற்கு?

தெற்குவீதி | 03.02.2025
பரஸ்பரச் சம்மத விவாகரத்துக்கு இந்து திருமணச் சட்டம் 13பி என்ன கேட்கிறது? ஓராண்டாவது பிரிந்து இருக்க வேண்டும், சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிய இருவருக்கும் சம்மதம். மூன்றே வரி. மனு மாதிரி இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவோ, வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமையே அல்ல என்கிறது. சண்டை இல்லாத கேஸுக்கு இரண்டு வக்கீல், இரண்டு ஃபீஸ் எதற்கு? மாற்றுக் கருத்து இருப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள். "அனுபவத்தில் சொல்றேன்" மட்டும் வேண்டாம்.

நாலாம்வாய்தா | 03.02.2025
13ஆம் பிரிவு நீங்கள் சொன்னபடிதான். நடைமுறையில் அனுமதி கேட்டு ஒரு மனு போடுவார்கள், கோர்ட் அனுமதிக்கும், வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்து ஏறும். தானே ஆஜராகி ம்யூச்சுவல் வாங்குபவர்களும் உண்டு.

ஆனால் மனு எழுதுவது இதில் சின்ன வேலை. பெரிய வேலை ஒப்பந்தம். பணம் எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வழியில்; நகை யாரிடம்; வீட்டுக் கடன் யார் தலையில்; குழந்தை யார் வசம்; நிலுவையில் உள்ள மற்ற கேஸ்கள் எந்த வரிசையில் முடியும். கோர்ட் இதையெல்லாம் உங்களுக்காக யோசித்து எழுதித் தராது. கொண்டுபோனதைப் படித்துப் பார்க்கும், சம்மதம் வற்புறுத்தலாலோ மோசடியாலோ வாங்கப்பட்டதல்ல என்று திருப்தி அடையும், அவ்வளவே. ஓட்டை இருந்தால் டிக்ரியிலும் (தீர்ப்பாணை) அதே ஓட்டை இருக்கும்.

குமாஸ்தா63 | 04.02.2025
மனு சின்ன வேலைன்னு சொல்லிட்டாரு வக்கீல் சார். ரிட்டர்ன் ஆகுறதே அதுலதான்.

தமிழ்நாட்டுல முக்கால்வாசி தகராறு இனிஷியல். கல்யாணப் பத்திரிகையில அப்பா இனிஷியல், ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா பின்னாடி. மூணும் மூணு ஆளான்னு கோர்ட் செக்‌ஷன்ல கேட்பாங்க. மனுவோட தலைப்புலயே "என்கிற" போட்டு எல்லாப் பேரையும் எழுதிடணும். முதல்லயே செஞ்சா ஒரு வரி, அப்புறம்னா திருத்த மனு.

கட்டுல இருக்க வேண்டியது: பத்திரிகை, ரெண்டு பேரும் இருக்கிற கல்யாண போட்டோ, பதிவுச் சான்று, ரெண்டு பேர் ஆதார், பிள்ளை இருந்தா பிறப்புச் சான்று. கோயில் கல்யாணம்னா கோயில் ரசீது. பதிவுச் சான்று இல்லைன்னு கையைப் பிசைய வேண்டாம், மத்த ஆவணம் போதும். சுயமரியாதைக் கல்யாணமும் இந்து திருமணச் சட்டம் 7ஏ பிரிவுப்படி செல்லும், அதுக்கும் இதே வழிதான்.

ரிட்டர்ன் போட்டா குறிச்ச நாளுக்குள்ள குறை தீர்த்துத் திரும்பப் போடணும். விட்டுட்டா தாமதத்தை மன்னிக்கச் சொல்லி தனியா ஒரு மனு.

தெற்குவீதி | 04.02.2025
எந்த ஊர் கோர்ட்? பெண் வீட்டார் மதுரை, மாப்பிள்ளை வேலை சென்னை, கல்யாணம் திருப்பரங்குன்றம் என்று வையுங்கள்.

நாலாம்வாய்தா | 04.02.2025
இந்து திருமணச் சட்டம் பிரிவு 19. கல்யாணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், இதில் எதுவும். மனைவி மனுதாரர் என்றால் அவர் இப்போது வசிக்கும் இடமும், அது 2003 திருத்தம். உங்கள் உதாரணத்தில் சென்னையில் குடித்தனம் நடந்திருந்தால் மதுரை, சென்னை இரண்டுமே ஓடும். ம்யூச்சுவலில் இருவரும் வந்தாக வேண்டும், யாருக்கு லீவு கிடைப்பது கடினமோ அவர் ஊரில் போடுங்கள். சென்னைக் குடும்ப நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்தான். மாவட்டத்தில் குடும்ப நீதிமன்றம் இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றம், அங்கே வழக்கு எண் எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மூல மனு) என்று விழும்.

இன்னொன்று. பிரிந்து வாழ்வது என்றால் வெவ்வேறு வீடு என்று பொருளல்ல. ஒரே கூரைக்குள் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் கணக்கில் வரும், 1991 சுரேஷ்தா தேவி தீர்ப்பு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் மனுவில் பிரிந்த தேதியைத் துல்லியமாக எழுத வேண்டும். "சுமார் ஓராண்டாக" என்றால் அடுத்த கேள்வி அங்கிருந்தே வரும்.

ஈரோட்டுக்காரி | 06.02.2025
"ஒரே வக்கீல் போதாதா" என்பதற்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

மனு போடுவது முதல் கட்டம், ஆறு மாதம் கழித்து இருவரும் மீண்டும் வந்து சம்மதம் சொல்வது இரண்டாம் கட்டம். அந்த ஆறு மாத இடைவெளியில் ஒருவர் மனம் மாறலாம். இரண்டாம் கட்டம் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை இருவருக்கும் உண்டு, அதையும் சுரேஷ்தா தேவி தீர்ப்புதான் உறுதி செய்தது. அப்படி ஆனால் அந்தப் பொது வக்கீல் யார் பக்கம் நிற்பார்? இருவரின் ரகசியமும் அவரிடம் இருக்கிறது. ஒருவருக்காக மற்றவருக்கு எதிராக நிற்கக் கூடாது. இருவரும் புது வக்கீல் தேட வேண்டும். மிச்சம் பிடித்த ஃபீஸ் அங்கே போய்விடும்.

பெரும்பாலும் அந்த "பொது" வக்கீலைக் கூட்டி வருவது ஒரு தரப்பு, ஃபீஸ் கொடுப்பதும் அதே தரப்பு. இன்னொரு தரப்பு ஒப்பந்தத்தைப் படிப்பதே கையெழுத்துப் போடும் மேசையில்தான். ஆஜராவதற்கு இரண்டாவது வக்கீல் வேண்டாம் என்றால் சரி, ஒப்பந்த வரைவை மட்டுமாவது தனியாக ஒருவரிடம் காசு கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை ஆலோசனைக் கட்டணத்தோடு முடியும்.

காசு இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987 சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், தொலைபேசி 15100.

தெற்குவீதி | 06.02.2025
வரைவைப் படிக்க ஒருவர் என்பதை ஏற்கிறேன். இரண்டு வக்காலத்து இன்னும் ஏற்கவில்லை.

குமாஸ்தா63 | 07.02.2025
பணம் பத்தி ஒரு விஷயம், இதுல அடிபடாதவங்க கம்மி. டிடி, அதான் டிமாண்ட் டிராஃப்ட். மனு போடுற அன்னைக்கே மொத்தத்துக்கும் டிடி எடுத்து நகல் இணைச்சுடறாங்க. டிடிக்கு ஆயுசு மூணு மாசம். ஆறு மாசம் கழிச்சு ஜட்ஜ் முன்னாடி கொடுக்கிறப்போ அது வெறும் காகிதம். எடுத்தவரே பேங்குக்குப் போய்ப் புதுப்பிச்சுட்டு வரணும், அதுக்கு ஒரு வாய்தா, அதுக்குள்ள ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் வராந்தாவுல நின்னு பழைய கதையைப் பேச ஆரம்பிச்சுடுவாங்க.

விசாரணைத் தேதிக்கு முந்தின வாரம் எடுங்க. பேரை ஆதார்ல இருக்கிற மாதிரி இல்ல, பேங்க் பாஸ்புக்ல இருக்கிற மாதிரி எழுதச் சொல்லுங்க.

தெற்குவீதி | 07.02.2025
2025லுமா டிடி? பேங்க் வழியே ஆர்டிஜிஎஸ் அனுப்பிவிட்டு அந்தப் பரிமாற்றத்தின் யூடிஆர் எண்ணை எழுதினால் போச்சு.

நாலாம்வாய்தா | 07.02.2025
அனுப்பலாம், யூடிஆர் எண்ணை நிரூபண வாக்குமூலத்தில் சேர்க்கலாம். சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை. அனுப்பிய பணம் போய்விட்டது. கூண்டில் ஏறி "எனக்குச் சம்மதமில்லை" என்று பணம் வாங்கியவர் சொன்னால் அதைத் திரும்ப வாங்க இன்னொரு வழக்கு வேண்டும். டிடி என்றால் ஜட்ஜ் முன்னால் வாக்குமூலம் முடிந்ததும் கை மாறும், பெற்றுக்கொண்டதாகக் குறிப்பும் ஏறும். அதனால்தான் அது இன்னும் சாகவில்லை.

ரொக்கம் பேச்சே வேண்டாம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கியவருக்கு வாங்கிய அளவுக்கே அபராதம். "வெளியே ஒரு தொகை, ஒப்பந்தத்தில் ஒரு தொகை" என்று பேசுபவர்கள் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாமல் நிற்பார்கள்.

பத்திர_எழுத்தர் | 09.02.2025
வீடு இருவர் பெயரிலும் இருந்தால் யாரும் யோசிக்காத ஒன்று: ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்குக் குடும்ப உறுப்பினர்களுக்குள் முத்திரைத் தீர்வைச் சலுகை உண்டு. கணவன் மனைவி குடும்பம். டிக்ரி ஆன மறுநாள் அவர்கள் குடும்பம் அல்ல. அதே பத்திரம், கட்டணம் பல மடங்கு.

அதற்காக ஆறு மாதம் முன்பே எழுதிக்கொடுத்துவிட்டு நிற்காதீர்கள், அது மேலே சொன்ன ஆர்டிஜிஎஸ் கதை. இரண்டாம் கட்ட விசாரணைக்கு முந்தைய நாளோ அன்று காலையோ சார்பதிவகத்தில் டோக்கன் போடுங்கள். வீட்டுக் கடன் ஓடினால் அசல் பத்திரம் பேங்கில் இருக்கும், பேங்கின் சம்மதக் கடிதம் வேண்டும், அது ஒரு வாரத்தில் வராது. கடன் கணக்கிலிருந்து ஒருவர் பெயரை எடுப்பது வேறு வேலை: மிஞ்சுபவரின் சம்பளம் மட்டும் தவணையைத் தாங்குமா என்று பேங்க் பார்க்கும். டிக்ரியில் "இனி கடனைக் கணவரே கட்டுவார்" என்று எழுதியிருப்பது பேங்கைக் கட்டுப்படுத்தாது. தவணை நின்றால் மனைவிக்கும் நோட்டீஸ் வரும்.

ஈரோட்டுக்காரி | 09.02.2025
இதை அப்படியே அச்சடித்து ஒட்ட வேண்டும். நகைக்கும் இதே கவனம் தேவை. "சீர்வரிசை, நகைகள் அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்ற ஒரு வரி எல்லா மாதிரி மனுவிலும் இருக்கும். பவுன் கணக்கோடு பட்டியல் போட்டு, உருப்படி உருப்படியாக எடை எழுதி, ஒப்படைத்த தேதியோடு இரு தரப்பும் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அந்த வரிக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. அடகில் இருந்தால் அடகு ரசீது எண், மீட்பது யார், எந்தத் தேதிக்குள், வட்டி யாருடையது. லாக்கர் கூட்டாக இருந்தால் இருவரும் போய் மூட வேண்டும்.

ஸ்திரீதனம் மனைவியின் சொத்து, கணவர் வீட்டில் இருந்தாலும் அவர்கள் பொறுப்பில் வைத்திருப்பவர்கள்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. பேரம் பேசும்போது "பணத்தோடு நகையையும் கழித்துக்கொள்" என்று சேர்ப்பார்கள். அது வேறு தலைப்பு, இது வேறு தலைப்பு.

ஷார்ஜாவாசி | 22.02.2025
ஆறு மாசம் கட்டாயமா? லீவு ஒரே தடவைதான் கிடைக்கும்.

நாலாம்வாய்தா | 22.02.2025
கட்டாயமில்லை. 2017இல் அமர்தீப் சிங் வழக்கில், ஆறு மாதம் என்பது நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பார்ப்பது இவை: மனு போடும்போதே ஒன்றரை ஆண்டுப் பிரிவு முடிந்திருக்கிறதா, சமரச முயற்சி தோற்றதா, ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் உண்மையாகவே தீர்ந்துவிட்டதா, காத்திருப்பதால் வேதனை நீள்வதைத் தவிர வேறு பயன் உண்டா. முதல் கட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஆறு மாதக் காத்திருப்பை விலக்கித் தரக் கேட்டு மனு போடலாம். 2021இல் அமித் குமார் வழக்கில் இந்தப் பட்டியல் உதாரணத்துக்குத்தான், பூட்டு அல்ல என்றும் விளக்கினார்கள்.

ஓராண்டு மட்டும் பிரிந்திருந்துவிட்டு "லீவு இல்லை" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. பாதி ஒப்பந்தத்தோடு கேட்டாலும் அப்படியே.

கெடு மறுபக்கமும் உண்டு: மனு தாக்கலாகி 18 மாதத்துக்குள் இரண்டாம் கட்டத்துக்கு இருவரும் வர வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு.

வெளிநாட்டில் இருப்பவர் அப்பா, அண்ணன் யாருக்காவது பவர் கொடுத்து மனு போடலாம். அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள், அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். வாக்குமூலத்துக்குக் காணொலி அனுமதி கேட்டு மனு போடுங்கள். ஜட்ஜ் உங்கள் முகத்தைப் பார்த்துச் சம்மதம் கேட்கத்தான் விரும்புவார்.

தெற்குவீதி | 23.02.2025
சுப்ரீம் கோர்ட்டே நேராகக் கொடுக்கலாம் என்று 2023இல் தீர்ப்பு வந்ததே. நேரே அங்கே போய்விடலாமே?

நாலாம்வாய்தா | 23.02.2025
ஷில்பா சைலேஷ், 01.05.2023. அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின்கீழ் மீள முடியாமல் முறிந்த மணத்தை முடித்துவைக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு. அதே தீர்ப்பில், இதைக் கேட்டு யாரும் உரிமையாக நேரே மனு போட முடியாது என்றும் இருக்கிறது. செய்தித்தாள்களில் முதல் பாதிதான் தலைப்பு.

குமாஸ்தா63 | 24.02.2025
நேரே டில்லிக்குப் போக முடிஞ்சா நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்.

நாலாம்வாய்தா | 15.03.2025
நான்கு பேர் தனிச்செய்தியில் கேட்டது ஒன்றே: ஏற்கெனவே மகளிர் காவல் நிலையத்தில் வழக்கு இருக்கிறது, குடும்ப வன்முறை மனு ஒன்று, ஜீவனாம்ச மனு ஒன்று. எதை முதலில் முடிப்பது?

கொடுமை வழக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 85, புகார் கொடுத்தவர் "வாபஸ்" என்றதும் முடியாது. உயர் நீதிமன்றத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 528ஆம் பிரிவின்கீழ், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482, ரத்து மனு, கூடவே கூட்டுச் சமரச மனுவும் பிரமாண வாக்குமூலமும், இருவரும் அடையாள அட்டையோடு ஆஜர். தெற்கு மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. குடும்ப வன்முறை மனுவை மாஜிஸ்திரேட் முன் திரும்பப் பெறலாம். ஜீவனாம்ச மனுவில் வலியுறுத்தவில்லை என்று எழுதிக்கொடுத்தால் தீரும்.

கணவர் தரப்பு ரத்து ஆனால்தான் பணம் என்பார்கள். மனைவி தரப்பு பணம் வந்தால்தான் ரத்து என்பார்கள். இருவர் பயமும் நியாயமானது. பொதுவாக ஓடும் ஏற்பாடு: தொகையை மூன்றாகப் பிரிப்பது. முதல் பங்கு ம்யூச்சுவல் மனுவுக்குக் கோர்ட் எண் கொடுக்கும்போது, பெரிய பங்கு இரண்டாம் கட்ட வாக்குமூலத்தின்போது, கடைசிப் பங்கு ரத்து உத்தரவு வரும் நாளில். மனைவியின் ரத்துச் சம்மத வாக்குமூலம் இரண்டாம் கட்டத்தன்றே கையெழுத்தாகி அவருடைய வக்கீலிடம் இருக்கும், அந்தப் பெரிய பங்கு வந்ததும் தாக்கலாகும்.

தெற்குவீதி, அது எந்த வக்கீலிடம் இருக்க வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் மேல் லுக் அவுட் சுற்றறிக்கை (விமான நிலையத்தில் நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு) இருந்தால் வழக்கு ரத்தானதும் அது தானாக அழியாது. உத்தரவு நகலோடு காவல்துறை மூலம் தனியாக எடுக்கச் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் தெரிந்துகொள்வது மோசமான வழி.

தெற்குவீதி | 15.03.2025
வழக்கு நிலுவையில் இருந்தால் இரண்டு வக்கீல். இல்லாதவர்களுக்கு என் வாதம் நிற்கிறது.

ஈரோட்டுக்காரி | 16.03.2025
குழந்தை இல்லாதவர்களுக்கும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

"குழந்தை தாயிடம், தந்தைக்குப் பார்வை உரிமை உண்டு" என்று எழுதி முடித்த ஒப்பந்தங்கள்தான் இரண்டு வருடத்தில் கோர்ட்டுக்குத் திரும்பி வருகின்றன. எழுத வேண்டியது: எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடத்தில் ஒப்படைப்பு, இரவு தங்கலாமா. முழு ஆண்டு விடுமுறையில் எந்தப் பாதி. தீபாவளி ஓர் ஆண்டு இங்கே, பொங்கல் அங்கே, அடுத்த ஆண்டு மாற்றி. காணொலி அழைப்பு எந்த நேரம். பள்ளிக் கட்டணம் நேரடியாகப் பள்ளிக்கா, தாய் கணக்குக்கா. ஆண்டுக்கு எத்தனை சதவீத உயர்வு. மருத்துவக் காப்பீடு யார் பாலிசியில்.

பாஸ்போர்ட்டுக்கு ஒரு தனி வரி. ஒரு பெற்றோரின் கையெழுத்து கிடைக்காவிட்டால் கூடுதல் உறுதிமொழி, விசாரணை என்று இழுக்கும். "விண்ணப்பிக்க, புதுப்பிக்க இருவரும் ஒத்துழைப்பர், தாய் தனியாக விண்ணப்பிக்க ஆட்சேபணை இல்லை" என்று டிக்ரியில் இருந்தால் வேலை சுலபம்.

குழந்தையின் ஜீவனாம்சத்தைத் தாய் விட்டுக்கொடுத்து எழுதினாலும் குழந்தையின் உரிமை போகாது. ஆகவே "எதிர்காலத்தில் குழந்தைக்கும் எதுவும் கோரமாட்டேன்" என்ற வரியை நம்பி மொத்தத் தொகையைக் கூட்டிக் கொடுக்கும் தந்தைகள் ஏமாறுகிறார்கள்.

ஷார்ஜாவாசி | 02.04.2025
எதிர்த்தரப்பு ம்யூச்சுவலுக்கு வரவே இல்லைன்னா?

நாலாம்வாய்தா | 02.04.2025
தனி இழை போடும் அளவு பெரியது. சுருக்கமாக: இந்து திருமணச் சட்டம் 13(1), பெரும்பாலும் கொடுமை, அல்லது இரண்டாண்டு கைவிடுதல். கல்யாணமாகி ஓராண்டுக்குள் மனு போட விசேஷ அனுமதி வேண்டும். பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டி சம்மன், கவுன்சலிங், எதிருரை, பிறகு விசாரணை. இடையில் 24ஆம் பிரிவு இடைக்கால ஜீவனாம்சம். 2020 ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் மறைத்தவர் குறுக்கு விசாரணையில் படும் பாடு தனி. வாட்ஸ்அப் செய்திகளை அச்சடித்து வைத்தால் போதாது, பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கூடவே வேண்டும்.

பாதி வழியில் ம்யூச்சுவலாக மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான சண்டைக் கேஸ்கள் முடிவது அப்படித்தான், குறுக்கு விசாரணை முதல் நாளுக்கு முந்தைய வாரத்தில்.

குமாஸ்தா63 | 03.04.2025
வக்கீல் ஃபீஸ் பத்தி யாரும் பேசலையே, நானே சொல்றேன். வரைவு, ஆஜர், ரத்து மனு, நகல் எல்லாம் சேர்த்தா தனித்தனியான்னு முதல் நாளே எழுதி வாங்குங்க. கிடைக்கிற தொகையில இத்தனை சதவீதம்னு கேட்டா எழுந்து வந்துடுங்க, பார் கவுன்சில் விதியில அதுக்கு இடமில்லை. வக்கீலை மாத்தணும்னா பழையவர்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கணும். ஃபீஸ் பாக்கின்னு கட்டைப் பிடிச்சு வைக்கிற உரிமை அவருக்கு இல்லை, 2000ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சு. பாக்கி இருந்தா அவர் தனியா கேட்கட்டும்.

பத்திர_எழுத்தர் | 19.07.2025
இரகசியமாகப் பதிவுசெய்த துணையின் பேச்சைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று இந்த வாரம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. விபோர் கர்க், 14.07.2025. போனில் பேசுபவர்கள் யோசித்துப் பேசுங்கள்.

ஈரோட்டுக்காரி | 19.07.2025
ஏற்கலாம் என்பதுதான் தீர்ப்பு. அதை நம்புவதா, எவ்வளவு எடை கொடுப்பதா என்பது விசாரணை நீதிமன்றத்தின் கையில். பதிவு செய்த ஃபோனையே விற்றுவிட்டு வந்து நிற்காதீர்கள்.

ஷார்ஜாவாசி | 11.09.2025
டிக்ரி ஆச்சுன்னா மறுமணத்துக்கு எத்தனை நாள்? 30ன்னு ஒருத்தர், 90ன்னு ஒருத்தர்.

நாலாம்வாய்தா | 11.09.2025
ம்யூச்சுவல் என்றால் சம்மத டிக்ரி, குடும்ப நீதிமன்றச் சட்டம் 19(2)படி மேல்முறையீடு இல்லை, காத்திருக்கத் தேவையில்லை. எதிர்த்து வாங்கிய டிக்ரி என்றால் குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 2003 திருத்தத்துக்குப் பிறகு 90 என்கிறது. எது பொருந்தும் என்று உயர் நீதிமன்றங்களில் வாதம் நடந்திருக்கிறது. பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். 90 நாள் கழிந்ததும் மேல்முறையீடு தாக்கலாகவில்லை என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் எதிர்த்தரப்பு பெயரைப் போட்டுத் தேடிவிட்டு முகூர்த்தம் பாருங்கள். ஒருதலைப்பட்ச டிக்ரி என்றால் இன்னும் பொறுமை: சம்மனே வரவில்லை என்று சொல்லி வந்து ரத்து செய்யச் சொல்லலாம்.

தெற்குவீதி | 12.09.2025
ஏழு மாதம் ஆகிவிட்டது. நிலுவை வழக்கு இல்லை, குழந்தை இல்லை, கூட்டுச் சொத்து இல்லை, அடகு நகை இல்லை, இருவரும் உள்ளூர். இப்படி ஒரு ஜோடிக்கு வரைவைப் படிக்க ஒருவர், ஆஜராக ஒருவர் போதும். இதற்குமேல் இறங்க மாட்டேன்.

குமாஸ்தா63 | 12.09.2025
அந்த ஜோடியைக் கண்டுபிடிச்சா சொல்லுங்க சார், ஃபீஸே வாங்காம மனு டைப் அடிச்சுத் தரேன்.

டிக்ரி வந்தவங்களுக்கு ஒண்ணு. நகல் மனு போடுறப்போ டிக்ரி, ஃபேர் ஆர்டர் (காரணத்தோட எழுதின உத்தரவு) ரெண்டுக்கும் கேளுங்க, ரெண்டு மூணு செட்டா. பாஸ்போர்ட்டுல துணை பேரை எடுக்க, பேங்குக்கு, ரேஷன் கார்டுக்குன்னு ஒவ்வொரு இடத்துலயும் கேட்பாங்க. கையில வாங்கினதும் அங்கேயே நின்னு பேரு, இனிஷியல், கல்யாணத் தேதி, வழக்கு எண் நாலையும் படிச்சுப் பாருங்க. எழுத்துப்பிழைன்னா சிவில் நடைமுறைச் சட்டம் 152ல திருத்த மனு போட்டாப் போதும், ஆனா கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி போடுங்க.

எல்ஐசி, பிஎஃப் நாமினியையும் அந்த வாரமே மாத்திடுங்க. டிக்ரி வந்தா அதுவா மாறிடும்னு இருந்துடாதீங்க.